சங்கிலித் திடல்

ஆரின் ஹாகன் அந்தக் கேம்பரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கே, பக்கத்து நிலத்து மெர்ல் கெஸெல் வேலியோரம் வந்து நின்று சொல்லிவிட்டான்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா உன் வண்டிக்கு இது ஆகாதுடா."

ஆரினின் மனைவி ட்வைலா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது அடி நீளச் சக்கர வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. வண்டியின் வாலில் கொக்கி போட்டு இழுக்கிற சாதாரண ரகம் இல்லை. கழுத்தை நீட்டி, பிக்கப்பின் பின்தொட்டிக்கு நடுவில் இருக்கிற பூட்டில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிற ரகம். இழுக்கிற பாரம் போதாதென்று முதுகில் ஏறுகிற பாரமும் உண்டு. ஆரினிடம் இருந்ததோ அரை டன் பிக்கப். அரை டன் என்பது பழைய நாளில் வைத்த பேர், அதைவிடக் கொஞ்சம் கூடவே தாங்கும். ஆனால் எவ்வளவு கூட என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒரு சீட்டில் அச்சடித்து ஒட்டியிருந்தது.

"கதவுல ஒட்டியிருக்கிறதைப் படிச்சியா?" என்றான் மெர்ல்.

"வித்தவன் படிச்சான். அரை டன் தாராளமா இழுக்கும்னான்."

"விக்கிறவன் எருமையைக் காட்டி பூனைம்பான். பால் கறந்து காட்டுவான் வேற."

"முப்பத்தோரு வருஷம் இந்த மலை ரோட்டுல பனி தள்ற வண்டி ஓட்டினவன் நான். எனக்கே பாரத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

"பனி தள்ற வண்டி உன்னைச் சுமந்துச்சு. இதை நீ சுமக்கணும்." மெர்ல் சிரித்தபடியேதான் சொன்னான். "சரி விடு. ஏரிக்கரை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறதுன்னா போ. மலையை விட்டு இறக்கணும்னா மட்டும் என்னைக் கூப்பிடு. என் டீசல் வண்டி ஒரு டன். நானே கொண்டுபோய் விடறேன்."

ஆரின் கேம்பர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது சிவந்திருந்ததை ட்வைலா ஜன்னலிலிருந்தே கண்டாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். அந்தச் சிவப்பு ஏறிவிட்டால் அப்புறம் அவன் மெர்லை ஒருநாளும் கூப்பிடப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு கோடைகாலம் அப்படியே போனது. ஸ்கில்லட் கிரீக் என்பது நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. அறுபது வீடுகள், ஒரு தபால் நிலையம். ஏரிக்கரைக்குச் சமதரையில் நாலு மைல். அங்கே கேம்பரை நிறுத்தி, மீன் பிடித்து வறுத்துத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். வெளியுலகத்துக்குப் போக ஒரே ஒரு தார்ச்சாலை. முதலில் இரண்டு மைல் ஏறிக் கணவாயைத் தொட வேண்டும். அங்கிருந்து டார்வில் நகரம் வரை ஆறு மைல் ஒரே இறக்கம். ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் ஆற்றுப் பள்ளம். அந்த இறக்கத்தில் ஆரின் ஒருமுறைகூட கேம்பரை இறக்கியதில்லை.

மூன்றாவது கோடையில், ஆகஸ்ட் மாதம், மழையில்லாமல் இடி விழுந்து மேற்கு முகட்டுக்குப் பின்னால் காடு தீப்பிடித்தது. ஒன்பது நாள் புகை மட்டும்தான் வந்தது. மெர்ல் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்தான். தன் டீசல் வண்டியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு தினம் விடியற்காலையில் போய்விடுவான். பத்தாம் நாள் வியாழக்கிழமை மதியம் காற்று திரும்பியது. ஒன்றரை மணிக்கு ஷெரிப்பின் போலீஸ் ஆட்கள் சைரன் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வந்து, "கிளம்புங்க, இப்பவே கிளம்புங்க" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள்.

ட்வைலா பத்திரங்களையும் மாத்திரை டப்பாவையும் இரண்டு பையில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிட்டாள். வந்து பார்த்தால் ஆரின் பிக்கப்பைப் பின்னுக்கு ஓட்டிக் கேம்பரின் கழுத்துக்கு அடியில் நுழைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற நீ?"

"பார்த்தா தெரியலையா?"

"அது கிடக்கட்டும் ஆரின். நாம போனா போதும்."

"வீடு எரிஞ்சா எங்க படுப்ப? பள்ளிக்கூடத் தரையிலயா? எத்தனை மாசம்?" பூட்டு கணீரென்று விழுந்தது. "தலைக்கு மேல ஒரு கூரையாவது மிஞ்சட்டும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. அதுவுமில்லாமல், எல்லாம் கண்முன்னே வேக வேகமாக நடந்தது. ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், துப்பாக்கிப் பெட்டி, அவளுடைய தையல் மெஷின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவன் தூக்கித் தூக்கி ஏற்றினான். கூரைமேல் தண்ணீர் அடிக்கலாம் என்று இரண்டு நாள் முன்பு கேம்பரின் தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தார்கள். அது மட்டுமே ஐந்நூறு பவுண்டு. திறந்துவிட அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

புறப்படும்போது பிக்கப்பின் பின்புறம் அப்படியே அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை என்பது அவன் திருப்புகிற விதத்திலேயே தெரிந்தது. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் உருண்டன.

கணவாய் ஏறுவதற்குள் இஞ்சின் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. புகையில் மதியம் இரண்டரை மணிக்கே அந்தி போல இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. பின்னால் மட்டும் ஊரே விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. கணவாயைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஆரின் கியரைக் குறைத்தான். இஞ்சின் ஊளையிட்டது. ஆனாலும் பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவது போல வண்டி முன்னால் முன்னால் போனது. அவன் பிரேக்கை மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான்.

கேம்பருக்கென்று தனியாகப் பிரேக் உண்டு. அதை இயக்குகிற சின்னப் பெட்டி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் எப்போதும் எரிகிற பச்சை எழுத்து அணைந்து, சிவப்பு எழுத்து விட்டு விட்டு மின்னுவதை ட்வைலா பார்த்தாள்.

"அது ஏன் சிவப்பா மின்னுது?"

"ஒண்ணுமில்ல. குளிர்காலத்துல எலி ஒயரைக் கடிச்சிருந்துச்சு. டேப் சுத்தி வச்சேன். குலுக்கல்ல விட்டுப் போயிருக்கும்." அவன் உள்ளங்கையால் பெட்டியைத் தட்டினான். பச்சை வந்தது. மறுபடி சிவப்பு.

"அப்ப பின்னாடி பிரேக்கே இல்லையா?"

"இருக்கு. விட்டு விட்டு இருக்கு."

கணவாயிலிருந்து ஒரு மைல் கீழே சங்கிலித் திடல் இருக்கிறது. பனிக்காலத்தில் லாரிக்காரர்கள் ஒதுங்கி நின்று சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுகிற அகலமான இடம். பிரேக் தீய்ந்த நாற்றம் வண்டிக்குள் நிறைந்தபோது ஆரின் அங்கே ஒதுக்கி எப்படியோ நிறுத்திவிட்டான். இறங்கிப் பார்த்தார்கள். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.

"இங்கயே விட்டுடு," என்றாள் ட்வைலா. "பூட்டைத் திற. கேம்பரோட காலை ஊன வச்சுட்டு வண்டியை மட்டும் எடு. அஞ்சு நிமிஷ வேலை."

"ஆறட்டும். ஆறினா சரியாயிடும்."

"ஆரின், நான் சொல்றதக் கேளு."

"இந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும் ட்வைலா. கண்ணைக் கட்டிட்டு இறக்குவேன்."

தபால் நிலையத்துப் பெரில் தன் சின்னக் காரை அவர்கள் பக்கத்தில் மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினாள். "புகை வருதே! ரெண்டு பேரும் என் கார்ல ஏறுங்க. சீக்கிரம்!"

"நீ போ பெரில். நாங்க பின்னாடியே வர்றோம்," என்று ஆரின் கையை ஆட்டினான்.

பெரில் ட்வைலாவைப் பார்த்தாள். காரின் பின்கதவு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ட்வைலா அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு ஆரினைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது. அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். பெரில் போய்விட்டாள்.

இரண்டு நிமிஷம் நின்றிருப்பார்கள். காற்றில் சாம்பல் விழ ஆரம்பித்தது. "ஏறு," என்றான் ஆரின். அவள் ஏறினாள்.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு தாண்டியது. மூன்றாவதில் அவன் மிதித்த மிதிக்கு பெடல் அடிவரை போய் அங்கேயே கிடந்தது. "போச்சு," என்று மட்டும் சொன்னான். நாலாவது வளைவில் பிக்கப் திரும்பியது, கேம்பர் திரும்பவில்லை. அது தன் பாட்டுக்கு நேராகப் போய் ஓரத்துத் தடுப்பில் மோதி, எழும்பி, பக்கவாட்டில் சாய்ந்தது. டயர் ஒன்று வெடித்தது. கேம்பரின் கழுத்து முறுக்கிய முறுக்கில் பிக்கப்பும் தட்டாமாலை சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. ட்வைலாவின் தோளெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கண் திறந்து பார்த்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர். கேம்பரின் தொட்டி உடைந்து தார்ச்சாலையில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் கேம்பரைப் பார்த்தாள். பாறைக்கும் தடுப்புக்கும் நடுவில், சாலையை அளந்து வைத்தது போல அது குறுக்கே கிடந்தது. ஒரு சைக்கிள் போக இடமில்லை.

பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதலில் வந்தவன் குர்ட் அம்டால். மரம் வெட்டுகிறவன். குதிரைகளை ஏற்றிய கூண்டை இழுத்துக்கொண்டு ஒரு டன் வண்டியில் வந்திருந்தான். இறங்கி ஓடி வந்து ட்வைலாவை வெளியே இழுத்து உட்கார வைத்தான். ஆரினின் நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். குர்ட் கேம்பரைப் பார்த்தான், பிக்கப்பைப் பார்த்தான்.

"இந்த வண்டியிலயா இதை இழுத்துட்டு வந்த?"

ஆரின் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இதுலயா?"

"குர்ட், அப்புறம் திட்டு," என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "மேல பாரு!"

கணவாய்ப் பக்கம் வானம் ஆரஞ்சு நிறமாயிருந்தது.

குர்ட் தன் குதிரைக் கூண்டைக் கழற்றிவிட்டுச் சங்கிலி எடுத்து வந்தான். பிக்கப்பின் பூட்டு திறக்க மறுத்தது. மொத்தப் பாரமும் கோணலாகத் தொங்கியதில் தாடை இறுகிப் போயிருந்தது. கடப்பாரை வைத்து நெம்பினார்கள். இரண்டு பேர் ரம்பம் கொண்டு அறுத்தார்கள். நடக்க முடிந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கேம்பரின் கழுத்துக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய் இறக்கத்தில் ஓடினார்கள். ட்வைலா பாறையில் சாய்ந்து, கையை மார்போடு பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தாள். ஆரின் வெறுங்கையால் தகரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். யாரோ அவனை, "தள்ளுப்பா, குறுக்க நிக்காத," என்று நெஞ்சில் கைவைத்து ஒதுக்கினார்கள்.

வழி பிறக்க நாற்பத்தைந்து நிமிஷம் ஆனது. குர்டின் வண்டி கேம்பரின் வாலைப் பிடித்து இழுத்துப் பாறையோரம் ஒதுக்கியதும், ஒரு கார் உரசிக்கொண்டு போகுமளவுக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் போயின. ஆரினையும் ட்வைலாவையும் யாரோ ஒரு வண்டியில் ஏற்றினார்கள். இருபத்தாறு வண்டிகள் கீழே இறங்கியதாக யாரோ எண்ணிச் சொன்னார்கள். டார்வில் எல்லையைத் தொட்டபோது ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லோரும் தப்பிவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் ஒரு இளம் அதிகாரி வந்து விபத்து பற்றி எழுதிக்கொண்டான். ஆரின் நெற்றியில் தையலோடு கட்டிலில் உட்கார்ந்து சொன்னான். சங்கிலித் திடலில் நிறுத்திப் பிரேக்கைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கேம்பர் பிரேக் பெட்டியில் பச்சைதான் எரிந்தது. நாலாவது வளைவில் டயர் வெடித்தது, வண்டி கையை மீறிப் போனது.

அதிகாரி ட்வைலாவின் பக்கம் திரும்பினான். "மேடம், நீங்க ஏதாவது சொல்லணுமா? இப்படித்தான் நடந்ததா?"

ஆரின் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் தகரம் கிழித்த கோடுகள் இருந்தன.

"அவர் சொன்னதுதான்," என்றாள் ட்வைலா. நோவுக்கு ஊசி போட்டிருந்தார்கள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு கேம்பர்தானே போனது, இந்த மனுஷன் மானத்தைக் காப்பாற்றினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அப்போது தோன்றியது.

மறுநாள் காலை அவர்களைப் பள்ளிக்கூட ஜிம்முக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஆரின் எந்தத் தரையில் படுக்க மாட்டேன் என்றானோ அதே தரையில் ஊரே படுத்திருந்தது. ட்வைலா வேலை செய்கிற பள்ளிதான் அது. சமையலறைப் பெண்கள் முட்டை கிண்டிக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி இருக்கும். மெர்ல் கெஸெல் உள்ளே வந்தான். முகமெல்லாம் கரி. கண்ணிமை முடி பொசுங்கியிருந்தது. தன் மனைவியைத் தேடிப் படுக்கை படுக்கையாகப் போய் ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்தான்.

"வோண்டாவைப் பாத்தீங்களா? அவ அப்பாவும் கூட இருப்பாரு. சக்கர நாற்காலி."

யாரும் பார்க்கவில்லை. ஒரு பெண்தான் யோசித்து யோசித்துச் சொன்னாள். "அவ கார் வரிசையில கடைசியா இருந்துச்சு மெர்ல். எங்களுக்கும் பின்னாடி. ரோடு அடைச்சிருக்குன்னு சொன்னதும் திருப்பிட்டா. கணவாயிலேருந்து மரம் வெட்டற பாதை ஒண்ணு போகுதே, அதுல போறேன்னா. அப்பாவைத் தூக்கிட்டு நடக்க முடியாதுன்னா."

மெர்ல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாதவன் போல அதைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். ட்வைலாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆரின் எழுந்து வெளியே போய்விட்டான்.

காரை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அந்தப் பாதையில் ஒன்றரை மைல் போயிருந்தாள். வோண்டாவும் அவள் அப்பாவும் உள்ளேயே இருந்தார்கள்.

தீ ஸ்கில்லட் கிரீக்கில் இருபத்திரண்டு வீடுகளைத் தின்றது. மெர்லின் வீடும் அதில் ஒன்று. ஆரின் வீட்டில் ஒரு ஓடுகூடக் கறுக்கவில்லை. வேலி வரை வந்த தீ, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது. ஆரின் முதல்முதலாகத் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, "இதாவது எரிஞ்சிருக்கக் கூடாதா?" என்றான். அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லை, தனக்குச் சொல்லிக்கொண்ட மாதிரியும் இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அவன் சாப்பிடுவான், விறகு பிளப்பான், இருட்டும்வரை பிளப்பான். நாலு குளிர்காலத்துக்குப் போதுமான விறகு சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை. அவள் எடுத்தால் அவன் உடைந்துவிடுவான் என்று அவள் பயந்தாள். அவன் என்ன நினைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. சவ அடக்கத்தன்று இருவரும் தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து வந்துவிட்டார்கள். ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயர் வெடித்தால் யார் என்ன செய்ய முடியும்?

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெர்ல் வந்தான். இளைத்துப் போயிருந்தான். உள்ளே வரவில்லை. விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றான். ட்வைலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஷெரிப் ஆபீஸ்ல கேட்டு அந்தத் தாளை வாங்கிப் படிச்சேன்," என்றான் மெர்ல். "நீ சொன்னது. சங்கிலித் திடல்ல நின்னப்போ பிரேக் நல்லாயிருந்துச்சுன்னு."

ஆரின் கோடரியைக் கட்டையில் சாய்த்து வைத்தான். "ம்."

"பெரில் வேற சொல்றா. ரெண்டு சக்கரத்துலயும் புகை வந்துச்சு, கார்ல ஏறுங்கன்னு கூப்பிட்டேன், வரலைங்கிறா." மெர்லின் குரல் உயரவில்லை. "நான் சண்டைக்கு வரலைடா. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. டயர் வெடிச்சதுன்னா அது கடவுள் செஞ்சது, நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன். இல்லைன்னா எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"பெரில் என்னத்தைப் பாத்தாளோ. புகையா இருந்துச்சு எங்க பாத்தாலும். பிரேக் சரியாத்தான்..."

"மெர்ல்," என்றாள் ட்வைலா.

இருவரும் திரும்பினார்கள்.

"பிரேக் சரியா இல்ல. புகை வந்துச்சு. கேம்பருக்குப் பின்பிரேக்கே வேலை செய்யல. பெட்டியில சிவப்பு மின்னிச்சு, நான் பாத்தேன். எலி கடிச்ச ஒயரு, இவனுக்கு முன்னாடியே தெரியும். இங்கயே விட்டுடுன்னு சொன்னேன். கேக்கல." அவள் மூச்சு வாங்கினாள். "டயர் அப்புறம்தான் வெடிச்சுது. சாய்ஞ்சதுக்கு அப்புறம். தாள்ல நானும்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் தப்பிச்சாச்சுன்னு நெனச்சுப் போட்டேன். அப்புறம் மாத்திச் சொல்லத் தைரியம் வரல."

மெர்ல் அவளையே பார்த்தான். "ரெண்டு மாசம்," என்றான்.

"ஆமா. ரெண்டு மாசம்."

பிறகு ஆரினைப் பார்த்தான். ஆரினின் காது சிவக்கவில்லை, முகம் வெளுத்திருந்தது.

"அவ சொல்றது நிஜம்," என்றான். "உன்னைக் கூப்பிட்டிருக்கணும், மெர்ல். முதல் நாளே."

"அன்னிக்கு என் வண்டி தீ அணைக்கப் போயிருந்துச்சு. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க முடியாது." மெர்ல் போகத் திரும்பினான். "விட்டுட்டு வந்திருக்கலாம். அவ்வளவுதான் செஞ்சிருக்க வேண்டியது. அதை விட்டுட்டு வந்திருக்கலாம்."

அவன் போன பிறகு ஆரின் கட்டையில் உட்கார்ந்தான். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம், அவள் கேட்கவில்லை. ஏன் சொன்னாய் என்று அவன் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள், அவனும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "டார்விலுக்குக் கொண்டுபோய் விடு," என்றான். ஷெரிப் அலுவலகத்தில் மூன்று மணிநேரம் இருந்தான்.

கவனக்குறைவால் இரண்டு உயிர் போகக் காரணமானதாக வழக்குப் போட்டார்கள். அவன் வக்கீல் எவ்வளவோ சொல்லியும் மறுக்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டான். ட்வைலாவை, பொய் சொன்னதற்காக நீதிபதி கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார். மெர்லுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். அவன் எழுந்து, "வோண்டா நாற்பத்தஞ்சு நிமிஷமும் காத்திருந்திருந்தா பிழைச்சிருப்பா. அதை நெனச்சு அவமேலயும் கோபம் வருது எனக்கு. இந்த ஆள் அதையும் சேர்த்து எனக்குக் குடுத்துட்டான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஆரினுக்கு எட்டு மாதம் மாவட்டச் சிறை. ஐந்து வருஷம் வண்டி ஓட்டக் கூடாது.

ஊர் அதற்கப்புறம்தான் வாய் திறந்தது. கட்டினவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பாதிப்பேர். ரெண்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் என்று மீதிப்பேர். பள்ளிச் சமையலறையில் அவளோடு பதினாறு வருஷம் வேலை செய்தவள்கூட, "நானா இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்" என்றாள். இன்னொருத்தி, "நானா இருந்தா சாகிறவரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். ட்வைலா உருளைக்கிழங்கைச் சீவினாள்.

சனிக்கிழமைதோறும் சிறைக்குப் போவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், காதில் ஆளுக்கொரு தொலைபேசி. வானிலை, கூரையில் சேர்ந்த பனி, தண்ணீர்க் குழாய் உறைந்தது என்று பேசுவார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் அவன் திடீரென்று கேட்டான்.

"அன்னிக்கு நீ ஏன் ஏறின?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"பெரில் கார்ல நீ போயிருந்தா, ஒருவேளை நானும் விட்டுட்டு வந்திருப்பேன்," என்றான். "தெரியல. வந்திருப்பேன்னு தோணுது."

அவள் அதை ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறாள். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த அந்தக் கதவை.

"நீ தனியாப் போறத என்னால பாக்க முடியல," என்றாள். "அதான் ஏறினேன்."

அவன் தலையாட்டினான். நேரம் முடிந்தது என்று காவலர் தட்டினார்.

ஜூலை மாதம் அவன் வெளியே வந்தான். அதற்குள் மெர்ல் எரிந்த நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தான். எங்கே என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் புது வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன. கறுத்த மரங்களுக்கு அடியில் ஊதாப்பூ நிறையப் பூத்திருந்தது.

எங்கே போவதானாலும் இப்போது ட்வைலாதான் ஓட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் எதிரே வண்டி வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டுவது வழக்கம். அவள் தனியாக ஓட்டும்போது, முன்னைப்போல் எல்லோரும் இல்லாவிட்டாலும், பாதிப்பேராவது தூக்குவார்கள். முதல் வாரம் ஆரினைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டார்விலுக்குப் போனாள். எதிரே பதினொரு வண்டிகள் வந்தன. பதினொன்றுக்கும் அவள் விரலைத் தூக்கினாள். ஒருவரும் தூக்கவில்லை. குர்ட் அம்டால் வந்தான். நேரே பார்த்தபடி போய்விட்டான்.

நாலாவது வளைவைத் தாண்டியதும் ஆரின் சொன்னான், "நான் இனிமே பின்சீட்டுல உக்காந்துக்கறேன் ட்வைலா. உனக்காவது தூக்குவாங்க."

"வேணாம்."

"சொல்றதக் கேளு."

"வேணாம்னு சொன்னேன்ல. முன்னாடியே உக்காரு," என்றாள் அவள். பன்னிரண்டாவது வண்டி வளைவில் தெரிந்தது. அதற்கும் விரலைத் தூக்கினாள்.